ஒன்பது மணி வேலைக்கு ஒன்பது பத்துக்கு வருபவர்கள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் 34 பேர் வேலை செய்யும் ஒரு தையல் யூனிட் நடத்துகிறேன். அதற்கு முன்பு வேறொரு யூனிட்டில் லைன் சூப்பர்வைசர். அதற்கும் முன்பு மாங்கூழ் ஃபேக்டரி ஒன்றில் இரண்டு சீசன் டைம் ஆபீஸில் வருகைப் பதிவு பார்க்கும் வேலை. மூன்று இடத்திலும் காலையில் முதல் தலைவலி ஒன்றுதான்: ஐந்து நிமிடம், பத்து நிமிடம், கால் மணி நேரம் லேட்.

லீவு போடுகிறவரைச் சமாளித்துவிடலாம். வரமாட்டார் என்று தெரிந்தால் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவோம். வந்துவிடுவார், ஆனால் எப்போது என்று தெரியாது என்கிற நிலைதான் லைனை, அதாவது ஒருவர் தைத்ததை அடுத்தவர் வாங்கித் தைக்கும் மெஷின் வரிசையை, கெடுக்கிறது. சட்டைக்குக் காலர் வைப்பவர் 12 நிமிடம் வரவில்லை, முந்தின நாள் பண்டிலும் (வெட்டிக் கட்டிய துணிக் கட்டு) மிச்சம் இல்லை என்றால், அவருக்குப் பின்னால் உள்ள பத்துப் பேரும் காத்திருக்க வேண்டியதுதான். 120 நிமிடம், இரண்டு மணி நேர வேலை போச்சு.

வருஷக்கணக்காகத் திட்டிப் பார்த்தேன், சம்பளத்தைப் பிடித்தும் பார்த்தேன். பலன் தந்தது வேறு. காரணத்தை ஆளிடம் தேடும் முன் நிமிடத்தில் தேட வேண்டும். எத்தனை நிமிடம் லேட், எந்தெந்த நாள் லேட் என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். உங்கள் இடத்துக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேரே போகலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியவை

*கடிகாரம்.* பஞ்ச் மெஷினின் நேரத்தையும் உங்கள் செல்போன் நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு முறை கரண்ட் போய் வந்த பிறகு எங்கள் மெஷின் ஆறு நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அது தெரியாமல் மூன்று வாரம் இரண்டு பெண்களைத் திட்டியிருக்கிறேன். தெரிந்த அன்றே எல்லார் முன்னாலும் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது திங்கட்கிழமைதோறும் நேரம் சரிபார்ப்பது என் வேலைகளில் ஒன்று.

*விரல்.* கைரேகை மெஷின் எல்லா விரலையும் எடுத்துக்கொள்ளாது. மாங்காய் சீசனில் தோல் சீவும் பெண்களுக்குப் பால் பட்டுப் பட்டு விரல் நுனி வெந்து உரிந்திருக்கும். ஈரத் துணியில் துடைத்து, புடவையில் தேய்த்து, மறுபடி வைத்து, நாலாவது தடவைதான் மெஷின் ஒத்துக்கொள்ளும். பின்னால் பதினைந்து பேர் வரிசை. வரிசையின் கடைசியில் நிற்பவர் கேட்டுக்குள் வந்தது 8.55, பதிவாவது 9.04. ஒரு நாள் கேட்டருகில் நின்று பாருங்கள். இதுதான் காரணம் என்றால் அந்த நாலைந்து பேருக்குக் கார்டு கொடுங்கள், அல்லது கையெழுத்து நோட்டு வையுங்கள். மெஷினே கோளாறு என்றால் விற்றவரைக் கூப்பிடுங்கள். நீங்களே திறக்க வேண்டாம், பழைய பதிவெல்லாம் போய்விடும்.

*நோட்டு.* "லேட்" என்று எழுதாமல் நிமிடத்தை எழுதுங்கள். மூன்று வாரம் போதும். ஒளிந்து எழுத வேண்டாம், எழுதுகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். சொன்ன மாத்திரத்தில் சிலருக்குச் சரியாகிவிடும். மிச்சம் இருப்பவர்களுக்குத்தான் கீழே உள்ளது.

அறிகுறி 1: தினமும் ஒரே நிமிடம் லேட் (9.11, 9.12, 9.11, 9.12)

இது பஸ். வேறு எதுவும் இவ்வளவு ஒழுங்காக இருக்காது.

முதலில் எந்த பஸ், எங்கே ஏறுகிறார் என்று கேளுங்கள். அப்புறம் ஒரு நாள் நீங்களே அந்த ஸ்டாப்பில் நின்று பாருங்கள். நான் நின்றபோது தெரிந்தது: பஸ் சரியான நேரத்துக்குத்தான் வருகிறது. இறங்கிய பிறகு ஹைவேயைக் கடக்க முடியாமல்தான் நிற்கிறார்கள். சேலம் – பெங்களூரு ரோட்டில் காலை நேர லாரிகளுக்கு நடுவே ஏழெட்டுப் பெண்கள் டிபன் பையோடு கடப்பதைப் பார்த்த பிறகு, "கொஞ்சம் வேகமா நடக்கக் கூடாதா" என்று நான் கேட்டதே இல்லை. சர்வீஸ் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் அடிப்பாலம் இருக்கிறது. அதன் வழியாக வரச் சொன்னேன். நேரம் குறையவில்லை, ஆனால் உயிர் பயம் இல்லை. ஆகவே வேலை நேரத்தைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

அடுத்து, முந்தைய பஸ் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். பத்து நிமிடம் முன்னால் இருந்தால் அதில் வரச் சொல்லலாம். ஐம்பது நிமிடம் முன்னால் என்றால் சொல்லாதீர்கள். ஒரு வாரம் வருவார், பிறகு பழையபடி ஆகும், இருவருக்கும் மனஸ்தாபம்தான் மிச்சம்.

இதில் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அதனால் அவர் இலவச பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார். "முன்னாடி வர்ற பிரைவேட் பஸ்ல வாம்மா" என்று சொன்னால், போக வர 15 ரூபாய் வீதம் ஒரு நாளைக்கு 30 ரூபாய், 26 நாளைக்கு 780 ரூபாய். அவருடைய சம்பளத்தில் 780 ரூபாயைக் குறைக்கிறேன் என்றுதான் அதற்கு அர்த்தம். காலைக்கு மட்டும் என்றால் 390 ரூபாய். அந்த 390-ஐ நீங்களே கொடுத்துவிடலாம். ஒரு முக்கியமான ஆபரேட்டருக்காக நான் அப்படித்தான் கொடுக்கிறேன். லைன் நிற்பதோடு ஒப்பிட்டால் இது காசே இல்லை.

பணம் செலவழிக்காமலும் ஒரு வழி உண்டு. தையல் மாதிரி வரிசையாகப் போகும் வேலையில் எல்லாரும் ஒன்பது மணிக்கே இருக்க வேண்டியதில்லை. காஜா (பட்டன் துளை), பட்டன், செக்கிங், அயர்னிங் ஆட்களுக்குக் காலையில் முதல் பண்டில் வந்து சேரவே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். பஸ்ஸால் லேட்டாகிறவரை அந்தப் பக்கம் மாற்றுங்கள். நேரத்தை 9.15 முதல் 6.15 வரை என்று எழுத்தில் கொடுங்கள். பலகையில் வேலை நேர அறிவிப்பு ஒட்டியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும், வாய்ச்சொல் போதாது. மாற்றும் முன் சாயங்காலம் 6.15-க்குப் பிறகு அவர் ஊருக்கு பஸ் இருக்கிறதா என்று பாருங்கள். நான் ஒருமுறை இதைப் பார்க்காமல் மாற்றிவிட்டு, நாகரசம்பட்டிப் பக்கம் போகும் ஒரு பெண்ணை இருட்டில் ஒரு மணி நேரம் ஸ்டாப்பில் நிற்க வைத்துவிட்டேன்.

கடைசி வழி வேன் அல்லது ஷேர் ஆட்டோ. ஒரே வழியில் ஐந்தாறு பேர் இருந்தால் மட்டும் யோசியுங்கள். வண்டிக்குப் பயணிகள் பெர்மிட், இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

அறிகுறி 2: லேட்டாகும் நிமிடம் தினமும் மாறுகிறது (9.04, 9.17, 9.00, 9.09)

இது வீடு. பால், தண்ணீர், பிள்ளைகள், படுக்கையில் இருக்கும் பெரியவர்கள் என்று நாலில் ஒன்று. பெரும்பாலும் ஒன்றுக்கு மேல்.

இங்கே கேட்கும் விதம் முக்கியம். "ஏன் லேட்டு?" என்று கேட்டால் "பஸ் லேட்டுக்கா" என்றுதான் பதில் வரும். "காலையில எத்தனை மணிக்கு எந்திரிக்கிற, கிளம்புற வரைக்கும் என்னென்ன செய்யுற, சொல்லு" என்று கேளுங்கள். வேலை நேரத்தில், மற்றவர் காதில் விழும்படி கேட்காதீர்கள். மதியம் சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து கேளுங்கள்.

துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் ஓட்டும் அக்கா ஒருவரிடம் அப்படிக் கேட்டேன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அவர் ஒன்றும் சொல்லாமல் டிபன் பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த நாலைந்து பால் சொசைட்டிச் சீட்டுகளை எடுத்து என் கையில் கொடுத்தார். லிட்டர், ஃபேட், எஸ்.என்.எஃப். (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்), தொகை, கீழே சின்ன எழுத்தில் நேரம். 8.02. 8.21. 8.09. 8.24. எங்கள் நோட்டில் அவருடைய நிமிடங்களும் அதே ஏற்ற இறக்கம்தான். "ரெண்டு மாடு, கறந்து கொண்டு போனா அங்க வரிசை. டெஸ்ட் பாக்குற தம்பி வந்தாத்தான் ஊத்த முடியும். ஊத்திட்டு ஓடி வர்றேன்" என்றார். புடவையின் ஓரம் முழங்கால் வரை ஈரம், அதன் மேல் உலர்ந்த வைக்கோல் துணுக்கு. ஐந்து வருஷமாக அவரைத் தினமும் பார்க்கிறேன், அதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த மாட்டு வருமானத்தை விடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சம்பளம் ஒரு பக்கம், பால் பணம் ஒரு பக்கம் என்றுதான் இந்த மாவட்டத்தில் பல வீடுகள் ஓடுகின்றன. செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, பால் ஊற்ற வீட்டில் வேறு யாராவது போக முடியுமா என்று கேட்பது. அவர் மகன் பாலிடெக்னிக் போகிறான். காலையில் அவன் கேனைக் கொண்டுபோக ஒத்துக்கொண்டான், வாரத்தில் நாலு நாள் சரியானது. மீதி நாளுக்கு, சொசைட்டியில் நிற்கும்போதே எனக்கு ஒரு மிஸ்டு கால். அதைப் பார்த்ததும் அவர் மெஷினில் ஹெல்பரை உட்கார வைத்துவிடுவேன். லேட் நிற்கவில்லை, ஆனால் லைன் நிற்பது நின்றுவிட்டது. எனக்கு வேண்டியது அதுதான்.

தண்ணீர் என்றால் பெரும்பாலும் முறை வைத்து வரும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பது போல. நோட்டில் லேட்டும் ஒன்று விட்டு ஒன்று இருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் பல ஊர்களில் போர் தண்ணீரில் புளோரைடு அதிகம். பல்லில் கறை, மூட்டில் வலி என்று தலைமுறையாகப் பட்டவர்கள். ஒகேனக்கல் குடிநீர் வரும் நேரத்தில் குடத்தை வைத்துவிட்டு வா என்று யாரிடமும் சொல்ல முடியாது. முறை நாளை முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள், அந்த நாளுக்கு நேரம் மாற்றிக்கொடுங்கள். இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

பிள்ளைகள் விஷயத்தில், அரசு தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளையா என்று கேளுங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவுத் திட்டத்தால் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே டிபன். எங்களிடம் இரண்டு தாய்மாருக்குக் காலையில் இருபது நிமிடம் மிச்சமானது இதனால்தான். ஒருவர் வீட்டில் ஊட்டிவிட்டு அனுப்புவதையே தொடர்ந்துகொண்டிருந்தார். பிள்ளை பள்ளியில் சாப்பிடுமா என்கிற பயம். ஒரு நாள் பள்ளிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர அரை மணி நேரம் அனுமதி கொடுத்தேன். பயம் போனது, லேட்டும் போனது.

கைக்குழந்தை என்றால் செலவு பிடிக்கும். 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்பது மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்த விதி. நாங்கள் 34 பேர்தான். இருந்தாலும் ஸ்டோர் ரூமில் பாதியை ஒழித்து, தொட்டில் கட்டி, வயதான ஒரு அம்மாவைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறோம். செலவுதான். ஆனால் பிரசவத்துக்குப் போன நல்ல ஆபரேட்டர்கள் திரும்பி வருகிறார்கள்.

அறிகுறி 3: குறிப்பிட்ட நாளில் மட்டும் லேட்

செவ்வாய் என்றால் காரிமங்கலம் சந்தை. அதிகாலையில் ஆடோ கோழியோ கொண்டுபோய் விற்றுவிட்டு வருகிறார்கள். திங்கள் என்றால் தாய்வீட்டுக்குப் போய்த் திரும்புபவர், இல்லையென்றால் வீட்டில் குடி. சம்பளத்துக்கு மறுநாள் என்றால் வட்டிக்காரருக்கும் குழுவுக்கும் பணம் கட்டப் போயிருப்பார்.

ஏழெட்டுப் பேர் சேர்ந்து தூக்கக் கண்ணோடு வந்தால் ஊரில் பாரதக் கூத்து. திரௌபதி அம்மன் கோவிலில் பதினெட்டு நாள் நடக்கும் பாரதத்தில் கூத்து விடிய விடிய ஓடும். தை, மாசியில் பையன்கள் மட்டும் லேட் என்றால் பக்கத்தில் எங்கோ எருது விடும் விழா. சிவராத்திரிக்கு மறுநாள் காவேரிப்பட்டணத்தில் மயானக் கொள்ளை, அன்றைக்கு ரோட்டில் நடக்கவே இடம் இருக்காது.

இதற்கு மருந்து காலண்டர்தான். ஒவ்வொரு ஊருக்கும் திருவிழா எப்போது என்று தை மாதத்திலேயே கேட்டுச் சுவரில் எழுதுகிறோம். கூத்து நடக்கும் ஊர்க்காரர்களுக்கு மறுநாள் 10 மணி, அதற்கு ஈடாக அந்த வாரம் மற்ற நாளில் கொஞ்சம் கொஞ்சமாக. சட்டம் சொல்லும் நாள் வரம்போ, வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிற வரம்போ தாண்டினால் இரட்டிப்பு ஓவர்டைம் கொடுக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். தூக்கம் கெட்ட ஆளை கட்டிங் மெஷினில் மட்டும் உட்கார வைக்காதீர்கள். விரல் போய்விடும்.

அறிகுறி 4: நேரத்துக்கு வந்துகொண்டிருந்தவர் சமீபமாக லேட்

எல்லாவற்றிலும் இதைத்தான் நான் அதிகக் கவலையோடு பார்க்கிறேன். வருஷக்கணக்காக 8.50-க்கு வந்தவர் மூன்று வாரமாக 9.10-க்கு வருகிறார் என்றால் ஏதோ மாறியிருக்கிறது. மெமோ கொடுக்கும் இடம் இது இல்லை.

பஸ் நேரம் மாறியதா, வீடு மாறினாரா, பிள்ளைக்குப் பள்ளி மாறியதா? முதல் கேள்வி இது. செலவில்லாதது.

மாங்காய் சீசனா? மே முதல் ஜூலை வரை கிருஷ்ணகிரிப் பக்கம் கூழ் ஃபேக்டரிகள் ராத்திரியிலும் ஓடும். பகலில் இங்கே, ராத்திரியில் அங்கே என்று இரண்டு இடத்தில் உழைப்பவர்கள் உண்டு. டைம் ஆபீஸில் இருந்தபோது மறுபக்கத்திலிருந்து இதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் மறைப்பார்கள், வேலை போய்விடுமோ என்று பயம். "எவ்வளவு கடன்?" என்று கேட்டால் சொல்வார்கள். ஏனென்றால் இரண்டு வேலை பார்ப்பதற்குப் பின்னால் ஏறக்குறைய எப்போதும் ஒரு கடன் இருக்கிறது. சம்பள முன்பணம் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். முடியாவிட்டால் சீசன் முடியும்வரை லைட்டான வேலைக்கு மாற்றுங்கள்.

அடுத்தது உங்களைப் பற்றியது. அந்த மூன்று வாரத்துக்கு முன் இங்கே என்ன நடந்தது? காலர் வைக்கும் ஒரு பெண்ணின் மெஷினை அவரைக் கேட்காமல் புதிதாக வந்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். புது மெஷின்தானே கொடுத்தோம் என்று நினைத்தேன். பழைய மெஷினில் நாலு வருஷம் உட்கார்ந்தவர், அதன் பெடலில் அவர் கால் பதிந்த தடமே இருந்தது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, லேட்டாக வரத் தொடங்கினார். மெஷினைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் 8.50.

பிறகு உடம்பு. ஆறு வருஷமாக லேட்டே இல்லாத காஜா ஆபரேட்டர் ஒருவர். கேட்டபோது, "ராத்திரி நாலு தடவை எந்திரிக்கிறேன் அக்கா, காலையில கண்ணு திறக்க முடியல" என்றார். தண்ணீர் தாகமும் அதிகம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன், சர்க்கரை 300-க்கு மேல். மாத்திரை தொடங்கி ஒரு மாதத்தில் பழைய ஆளாகிவிட்டார். மாதாமாதம் மாத்திரைக்காக வரிசையில் நின்று லேட்டாகிறவர்களுக்கு ஒரு செய்தி: சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ஊர் செவிலியரிடம் பெயர் கொடுத்தால் போதும்.

*எப்போது மற்றவரைக் கூப்பிட வேண்டும்:* இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடை குறைதல், பகலில் மெஷினிலேயே கண் அசந்துபோதல், காரணமில்லாத அழுகை என்றால் டாக்டர். உங்கள் வைத்தியம் வேண்டாம். முகத்திலோ கையிலோ காயம் தெரிந்து, "கீழ விழுந்துட்டேன்" என்று சொன்னால் துருவாதீர்கள். 181 என்பது பெண்கள் உதவி எண், எந்நேரமும் பேசலாம் என்று தனியாகச் சொல்லுங்கள். எங்கள் பெண்கள் டாய்லெட் கதவின் உள்பக்கம் அந்த எண்ணை ஒட்டியிருக்கிறோம். அங்கேதான் யாரும் பார்க்காமல் படிக்க முடியும்.

அறிகுறி 5: பஞ்ச் 8.58, ஆனால் முதல் தையல் 9.14

இது ஆட்களின் லேட் இல்லை, உங்களுடையது. மெஷின் ஓரம் நின்று பாருங்கள். நூல் கோன் மாற்ற ஒருவர், ஊசி கேட்டு ஒருவர், பண்டில் வரவில்லை என்று மூவர், ஜெனரேட்டர் மாற்றும்வரை எல்லாரும். முந்தின நாள் சாயங்காலம் கடைசிப் பத்து நிமிடத்தில் நாளைய முதல் பண்டிலையும் நூலையும் ஒவ்வொரு மெஷினிலும் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். இந்த ஒன்றில் கிடைத்த நேரம், நான் பிடித்த எல்லா லேட்டையும் சேர்த்தாலும் கிடைக்காது. நேரத்துக்கு வந்து சும்மா உட்கார்ந்திருப்பவர் மறுவாரம் முதல் மெதுவாகத்தான் வருவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அறிகுறி 6: டீ, சாப்பாடு முடிந்து திரும்புவது லேட்

டாய்லெட்டை எண்ணுங்கள். இருபது பெண்களுக்கு ஒன்று என்றால் பதில் கிடைத்துவிட்டது. இன்னும் கட்டுங்கள். கட்டி முடிக்கும்வரை இடைவேளையை இரண்டு பிரிவாகப் பத்து நிமிடம் தள்ளி விடுங்கள். கை கழுவும் குழாயும் அப்படித்தான்.

அறிகுறி 7: ஒருவரிடம் தொடங்கி எல்லாருக்கும் பரவுகிறது

முதல் காரணம், சூப்பர்வைசரோ முதலாளியோ லேட்டாக வருவது. உங்கள் நிமிடத்தையும் அதே நோட்டில் எழுதுங்கள். நான் எழுதுகிறேன்.

இரண்டாவது, சொந்தக்காரருக்கு ஒரு நியாயம். என் நாத்தனார் மகளை நான் கண்டுகொள்ளாமல் விட்டது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் தெரியவில்லை.

மூன்றாவது, கிரேஸ் டைம், அதாவது லேட் என்று எழுதாமல் விடும் சலுகை நேரம். பத்து நிமிடம் கிரேஸ் என்று அறிவித்தால் வேலை நேரம் 9.10 ஆகிவிடும், லேட் 9.20-இல் தொடங்கும். "மூன்று லேட்டுக்கு ஒரு லீவு கட்" என்கிற விதியும் அப்படித்தான். மாதத்துக்கு இரண்டு லேட் இலவசம் என்று எல்லாரும் சரியாகக் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். இரண்டையும் எடுத்துவிட்டேன். இப்போது இருப்பது: லேட் என்றால் ஒன்பது மணிக்கு முன் போன். போன் வந்தால் பேச்சில்லை.

அறிகுறி 8: எல்லாம் செய்தாயிற்று, இன்னும் லேட்

இப்படிப்பட்டவர் உண்டு. எங்களிடம் பதினொரு வருஷத்தில் மூன்று பேர். பணத்திலும் காகிதத்திலும் கை வைக்க வேண்டியது இங்கேதான், இதற்கு முன்பு எங்கேயும் இல்லை.

பத்து நிமிட லேட்டுக்கு அரை நாள் சம்பளம் பிடிக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். 12,000 ரூபாய் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு சுமார் 461 ரூபாய், எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் ஒரு மணிக்கு 57 சொச்சம், பத்து நிமிடத்துக்குப் பத்து ரூபாய்கூட இல்லை. வராத நேரத்துக்கு உரிய அளவுதான் பிடிக்கலாம். 1936 ஊதியம் வழங்கல் சட்டத்திலும் 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இதில் மாற்றம் இல்லை. பத்து ரூபாய் வேலைக்கு 230 ரூபாய் பிடித்தால் அது சட்டத்துக்கும் பொருந்தாது, மனசுக்கும் பொருந்தாது. அப்புறம், அரை நாள் போய்விடும் என்று தெரிந்த ஆள் 9.10-க்கு வராமல் வீட்டுக்கே திரும்பிவிடுவார். காலர் மெஷின் அன்றைக்கு முழுக்கக் காலி.

அபராதம் என்பது வேறு. எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்று அரசு அனுமதி பெற்ற பட்டியல் பலகையில் இருக்க வேண்டும், ஆளிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும், அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 12,000-க்கு 360 ரூபாய். தவணையாகப் பிடிக்கக் கூடாது, 90 நாள் கழித்தும் பிடிக்கக் கூடாது. எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கு அபராதமே தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். நான் அபராதம் போட்டதே இல்லை.

வேலைக்கு ஆகும் வரிசை இது. முதலில் நேரில், தேதியும் நிமிடமும் உள்ள நோட்டைக் காட்டிப் பேசுங்கள். "எப்பப் பார்த்தாலும் லேட்டு" என்று பேசாதீர்கள். "போன மாசம் 24 நாள் வேலை, 17 நாள் லேட்டு, மொத்தம் 188 நிமிஷம்" என்று சொல்லுங்கள். ஆறு வாரம் அவகாசம். பிறகும் அப்படியே என்றால் தமிழில் எழுதிய மெமோ, அவருடைய விளக்கம் எழுத்தில், அதற்கு உங்கள் பதில். எழுதத் தெரியாதவர் என்றால் அவர் நம்பும் ஒருவரை வைத்து எழுதச் சொல்லுங்கள், நீங்கள் எழுதிக் கைநாட்டு வாங்காதீர்கள். இரண்டாவது மெமோ வரை பொறுக்கலாம்.

*இங்கே நிறுத்தி லேபர் கன்சல்டன்டையோ தொழிலாளர் வழக்குப் பார்க்கும் வக்கீலையோ கூப்பிடுங்கள்:* வேலையை விட்டு எடுக்கலாமா என்கிற யோசனை முதல் முறை வரும்போதே. எடுத்த பிறகு கூப்பிடுவதில் பயன் இல்லை. வழக்கமாக லேட்டாக வருவதை, அரசு வகுத்த மாதிரி நிலையாணைகள் (வேலையிட ஒழுங்கு விதிகள்) ஒழுங்கீனமாகவே பட்டியலிடுகின்றன. ஆனாலும் முறையான விசாரணை இல்லாமல் எடுத்தால் நிற்காது. கடை, ஷோரூம், ஆபீஸ் நடத்துபவர்களுக்கு 1947 தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அதன் 41-ஆம் பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்குரிய சம்பளமோ இல்லாமல் அனுப்ப முடியாது. கர்ப்பிணி, பிரசவ விடுப்பில் இருப்பவர், வேலையில் அடிபட்டு சிகிச்சையில் இருப்பவர் என்றால் கன்சல்டன்ட் சொல்லும்வரை ஒரு காகிதமும் கொடுக்காதீர்கள்.

அனுப்பத்தான் வேண்டும் என்று முடிவானால் கணக்கை இரண்டு வேலை நாளுக்குள் முடித்துக் கையில் கொடுங்கள். லேட்டான நிமிடங்களை அப்போது உட்கார்ந்து கூட்டிக் கழிக்க வேண்டாம். பி.எஃப். விவரம், சம்பளச் சீட்டுகள், வேலை செய்ததற்கான சான்று மூன்றையும் ஒரு கவரில் போடுங்கள். சான்றில் எத்தனை வருஷம், என்ன மெஷின் ஓட்டினார் என்று மட்டும் எழுதுங்கள். நான் அனுப்பியவர் ஒருவர் இப்போது பர்கூர் பக்கம் வேறொரு யூனிட்டில் பகல் இரண்டு மணி ஷிஃப்டில் இருக்கிறார். அங்கே அவர் லேட்டாவதில்லை என்று கேள்விப்பட்டேன். எங்களிடம் அப்படியொரு ஷிஃப்ட் இல்லை. அடுத்த வருஷம் ஆர்டர் வந்தால் ஒன்று தொடங்க வேண்டும்.